தாசில்தாரின் துப்பாக்கி

கூடுவாஞ்சேரிக்காரருக்குப் புலி பார்க்க ஆசை வந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறி வண்டலூரில் இறங்கி டிக்கெட் வாங்கினால் போதும். சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்திருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய கனவான்களுக்கு இந்த வசதி இல்லை, பாவம். அவர்கள் முதலில் லண்டனுக்கு லெட்டர் போட வேண்டியிருந்தது. புலி இருந்தது இந்தியாவில். வேட்டை ஆரம்பித்ததோ லண்டன் துப்பாக்கிக் கடையில்.

ரிக்பி, ஹாலண்ட், ஜெஃப்ரி என்று பெரிய பெரிய கடைகள். கை எவ்வளவு நீளம், கன்னம் கட்டையில் எங்கே படும், எந்தக் கண்ணால் குறி பார்ப்பார் என்றெல்லாம் அளவெடுத்து, வால்நட் மரத்தில் ரைபிள் கட்டை செதுக்குவார்கள். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்டுகிற போல்ட் ஆக்‌ஷன்தான் அன்றைய ஃபேஷன். ரிக்பியின் பெயர் பெற்ற ரைபிள்களுக்குள் உட்கார்ந்திருந்த போல்ட், ஜெர்மனிக்காரர் பால் மவுசர் வடிவமைத்தது. லேபிள் லண்டன், இன்ஜின் ஜெர்மனி. 

வாங்கியதோடு விடுமா? மழைக்காலத்தில் மரக்கட்டை ஈரம் குடித்துப் புடைத்து இரும்புக் குழலை நெட்டும். குண்டு வேறு திசையில் போகும். அதற்கு ‘பெடிங்’: கட்டையும் இரும்பும் சரியாகப் பொருந்தும்படி மயிரிழை மயிரிழையாக இழைப்பது. விரல் பட்டதும் பிசிறில்லாமல் விடுபட ட்ரிகரைத் தீட்ட வேண்டும். பிறகு ‘சீரோயிங்’: நூறு கஜத்தில் அட்டையை நட்டு, சுட்டுச் சுட்டு சைட்டைத் திருத்துவது. இத்தனையும் முடிந்தபின் ட்யூன் ஆகாமல் ஒரே ஒரு உதிரி பாகம் மட்டும் மிச்சமிருக்கும். ட்ரிகருக்குப் பின்னால் நிற்கிற ஆசாமி.

அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்துக்கு வேட்டைக்குப் போனார். பத்தே நாளில் அவர் கோஷ்டி வீழ்த்தியது 39 புலி, 18 காண்டாமிருகம். அடேயப்பா! எப்படி என்றால், நூற்றுக்கணக்கான யானைகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் புலியைத் திணறவிட்டு, “பிரபோ, சுடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் ரிக்பி எதற்கு, தீபாவளிக் கேப் துப்பாக்கியைக் காட்டியிருந்தால்கூடப் புலி சரண்டர் ஆகியிருக்கும். வைஸ்ராய்கள் சுட்ட புலியை அளக்க, அடிக்குப் பதினோரு அங்குலம் போட்ட ஸ்பெஷல் டேப் இருந்ததாக ஒரு பழைய கிசுகிசுவும் உண்டு. ரைபிளோடு நிறுத்தாமல் டேப்பையும் கஸ்டமைஸ் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் நிஜமாகவே சுடத் தெரிந்தவர் ஜிம் கார்பெட். ரயில்வேக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். அளவெடுத்துச் செய்த பந்தா எதுவும் கிடையாது. 1907இல் குமாவோன் மலையில் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போனார். அது கொன்றதாகச் சொல்லப்பட்ட கணக்கு 436 பேர். கார்பெட் கையில் எத்தனை தோட்டா? மூன்று! இரண்டு சுடுவதற்கு, மூன்றாவது அவசரத்துக்கு என்று கணக்கு. நாம் கல்யாணத்துக்குப் போவதற்கே ஸ்பேர் சார்ஜர் எடுத்துவைக்கிற ஜாதி. அவர் எதிர்பாராத விதமாக, அவசரம் முதலிலேயே வந்துவிட்டது.

ஒன்று வீண், இரண்டு பட்டன. புலி விழவில்லை, முறைக்கிறது. ரைபிள் காலி. மலைமேல் ஊராரைத் திரட்டித் தாரை தப்பட்டையோடு நின்றிருந்த தாசில்தாரிடம் ஓடினார் கார்பெட், அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கினார், திரும்பி ஓடினார். புலிக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் துப்பாக்கியைச் சரியாகப் பார்த்தார். குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே பென்சில் நுழைகிற இடைவெளி! இதுவரை வெடித்துச் சிதறவில்லை, இன்றைக்கும் சிதறாது என்ற அரசு ஊழியத் தைரியத்தில், திறந்திருந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு போய்ப் பட்டது முன்னங்காலில். நல்லவேளை, முதலில் வாங்கிய இரண்டு குண்டுகளின் வேலை அதற்குள் முடிந்திருந்ததால் புலி சாய்ந்தது.

ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட், இந்தச் சாதனைக்காக வெள்ளித் தகடு பதித்த .275 ரிக்பி ரைபிள் ஒன்றைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். துப்பாக்கி உலகத்தில் இன்றைக்கும் அதற்குக் கோயில் கட்டாத குறைதான். பலருக்கு மறந்துபோனது, அதே கையோடு தாசில்தாருக்கும் ஒரு புதுத் துப்பாக்கி கொடுத்தார்கள் என்பது. சர்க்கார் சரித்திரத்திலேயே, தேவை அறிந்து வழங்கப்பட்ட அபூர்வமான நலத்திட்ட உதவி.

சரி, அந்த ரிக்பியாவது பிசகாமல் உழைத்ததா? உழைத்தது, ஒட்டவைத்த சாமான்தான் காலை வாரியது. 1926 மே மாதம், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தைக்காக இரவில் மாமரத்தில் உட்கார்ந்திருந்தார். ரைபிளில் டார்ச் மாட்டியிருந்தார். பட்டனை அழுத்த, வெளிச்சம், ட்ரிகரை அழுத்த, வெடி, டார்ச் அவுட். பட்டதா இல்லையா என்றே தெரியாமல் விடிய விடியக் கிளையில் தவம். விடிந்த பிறகுதான் தெரிந்தது, பட்டிருந்தது என்று. ஆக்சஸரி வாங்கிய எல்லோருக்கும் இந்த இரவு பரிச்சயம்.

நம்ம தேசத்து சொந்த ரைபிள் கதை இதைவிட விசேஷம். ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் கையில் கூடாது என்று வெள்ளைக்காரனுக்குப் பயம். அதனால் அதே லீ-என்ஃபீல்டு ரைபிளில், ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ராணுவத் தோட்டாவுக்கு ஏற்ற குழலை மாட்டி, ‘.315 ஸ்போர்ட்டிங் ரைபிள்’ என்று பெயர் வைத்தார்கள். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை சுதந்திர இந்தியாவிலும் அதைத்தான் செய்தது. அந்தப் பேரரசு 1918இல் ஒழிந்தது. தோட்டாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டையும் மெல்ல ஒழிந்தது. ரைபிளுக்கும் யாரும் சொல்லவில்லை. வடக்கே அது கல்யாணப் பந்தலில் கொண்டாட்டத்துக்கு வெடிக்க ஆரம்பித்ததும், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதற்கும் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று எழுதவேண்டி வந்தது.

நம்ம பக்கத்துப் பையன்களுக்கு இந்தக் கவலை இல்லை. இங்கிலாந்தில் அந்த என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான், அந்தப் பெருமையில் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. துப்பாக்கி மாதிரி செய்தது என்பதே அதன் விளம்பரம். இப்போது ஒரகடத்தில் வண்டி செய்கிறது. வாங்கிய மறுவாரமே சைலன்சர் மாறுகிறது, ஹேண்டில்பார் மாறுகிறது. வேகம் அதேதான், சத்தம் மட்டும் யானை சுடுகிற .416 ரிக்பி.

இதையும் தாண்டி, லைசென்ஸ் வாங்கி, இரும்பு அலமாரியில் போல்ட் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். குழலை இஷ்டத்துக்கு அறுத்துக் குட்டையாக்கினால் குற்றம், சுட மிருகம் கிடையாது, மிஞ்சியது துடைப்பதுதான். எலெக்‌ஷன் தேதி அறிவித்ததும் அதுவும் போச்சு. பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற முகத்தோடு ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். பெடிங் செய்ததையும் ட்ரிகர் தீட்டியதையும் அவர் விளக்க ஆரம்பிக்க, ஏட்டு ரசீதைக் கிழித்து நீட்டுகிறார். கம்பெனி பெயரும் நம்பரும் எழுதத்தான் அதில் கட்டம் இருக்கிறது.