ஐந்து ஒலிம்பிக்கும் ஒரு தங்கமும்

கேள்வி: செக் நாட்டுப் பனிச்சறுக்கு வீராங்கனை கத்தெர்ஷினா நொய்மன்னோவாவைத் தாங்கள் ஓயாமல் புகழ்கிறீர்கள். ஆறு ஒலிம்பிக் பதக்கங்களில் தங்கம் ஒன்றே ஒன்றுதானே?

பதில்: ஒன்றுதான், மற்றவை நான்கு வெள்ளியும் ஒரு வெண்கலமும். 1973-இல் பீசெக் நகரில் பிறந்து, 1992-இல் ஆல்பர்வில் பந்தயங்கள் நடந்துகொண்டிருக்கையிலேயே பத்தொன்பது வயது நிரம்பப்பெற்று, இரண்டு ஒலிம்பிக்குகளில் வெறுங்கையோடு வீடு திரும்பி, 1998-இல் நகானோவில் 5 கிலோமீட்டரில் வெள்ளியும் துரத்தல் போட்டியில் வெண்கலமும் வென்று, 2002-இல் சால்ட் லேக் நகரில் மேலும் இரண்டு வெள்ளிகளுக்கு உரியவராகி, அதன்பின் ஒரு குழந்தைக்குத் தாயாகி, மீண்டும் பனியில் இறங்கி, ஐந்தாவது குளிர்கால ஒலிம்பிக்கில் தமது கடைசி ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் பெற்ற ஒருவரை, 'ஒன்றுதானே' என்ற சொல்லால் அளக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிப் பதக்கக்காரர்களிடம் எனக்குள்ள அபிமானம் வாசகர்கள் அறிந்ததே.

கேள்வி: அவருடைய பிறந்த நாள் எப்போது?

பதில்: ஆஹா, கேட்டீர்களே! பிப்ரவரி 15. அவர் கலந்துகொண்ட ஐந்து குளிர்கால ஒலிம்பிக்குகளும் பிப்ரவரியில் நடந்தவையாதலால், ஐந்து முறையும் அவருடைய பிறந்த நாள் போட்டிகளின் நடுவிலேயே வந்து விழுந்தது. அதிலும் 2002-ஆம் ஆண்டுப் பிறந்த நாள் விசித்திரமானது. அன்றுதான் 5 கிலோமீட்டர் கிளாசிக்கும் 5 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைலும் சேர்ந்த துரத்தல் போட்டி. ரஷ்யாவின் தனிலோவாவும் லசூத்தினாவும் முதலிரண்டு ஸ்தானங்களைப் பிடிக்க, கனடாவின் பெக்கி ஸ்காட் எல்லைக்கோட்டில் நொய்மன்னோவாவை விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்தி வெண்கலத்தைப் பெற்றார். இருபத்தொன்பதாவது பிறந்த நாளில் நம்மவருக்குக் கிடைத்தது நான்காம் ஸ்தானம். பின்னர், ரஷ்யர் இருவரும் தடை செய்யப்பட்ட மருந்தை உபயோகித்தது நிரூபணமாகி, விசாரணைகளும் மேல்விசாரணைகளும் ஒருவழியாக முடிந்தபோது, ஸ்காட்டின் வெண்கலம் தங்கமாயிற்று. நொய்மன்னோவாவின் வெறுங்கைக்கு வெள்ளி வந்து சேர்ந்தது. முதலில் வெண்கலத்துக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவே நின்ற அதே பத்தில் ஒரு பங்கு, பிற்பாடு தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே போய் நின்றுகொண்டது!

அதே ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டரில் அவர் பெற்ற வெண்கலமும் இவ்விதமே வெள்ளியாக உயர்ந்தது. அதில் முதலாவதாக வந்த இத்தாலியின் பெல்மோந்தோ, நடுவழியில் கைக்கழி முறிந்து பின்தங்கி, வேறு கழி வாங்கிக்கொண்டு எல்லோரையும் மீண்டும் துரத்திப் பிடித்தவர். அவரிடம் தோற்பதில் ஒரு குறைவுமில்லை.

கேள்வி: கிளாசிக், ஃப்ரீஸ்டைல் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பதில்: கிளாசிக்கில் பனியில் வெட்டிவைத்த இரண்டு இணைகோடுகளுக்குள் கால்கள் நேர்நேராகச் செல்லவேண்டும், ஃப்ரீஸ்டைலில் கால்களைப் பக்கவாட்டில் உதைத்து விரித்து விரைந்து சறுக்கலாம். முன்னதில் சறுக்குக்கட்டையின் அடியில், உள்ளங்காலுக்கு நேர்கீழே பிடிப்புக்கென்று ஒரு மெழுகும் முன்னும் பின்னும் வழுக்கலுக்கென்று வேறொரு மெழுகும் பூசுவார்கள். பனியின் உஷ்ணநிலை மாறினால் மெழுகையும் மாற்றவேண்டும். நொய்மன்னோவா இரண்டிலும் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்; ஆயினும் அவருடைய ஒலிம்பிக் தங்கமும் உலகச் சாம்பியன் பட்டங்கள் இரண்டும் ஃப்ரீஸ்டைலில் கிடைத்தவை.

கேள்வி: ஸ்பிரிண்ட் போட்டிகளைப் பற்றித் தாங்கள் எழுதுவதே இல்லையே?

பதில்: சில நிமிஷங்களில் தீர்ந்துபோவதைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: நொய்மன்னோவா சைக்கிள் பந்தயத்திலும் ஈடுபட்டவராமே?

பதில்: ஆம். 1996-இல் அட்லாண்டா கோடைக்கால ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டியில் பதினெட்டாவதாக வந்தார். மலைச் சைக்கிள் ஒலிம்பிக்கில் அரங்கேறியதே அவ்வாண்டுதான்.

கேள்வி: அந்த ஒரே தங்கம் எப்படிக் கிடைத்தது?

பதில்: 2006-ஆம் ஆண்டு தூரின் ஒலிம்பிக்கின் முதல் ஞாயிறன்று துரத்தல் போட்டியில் எஸ்தோனியாவின் ஷ்மிகுனுக்குப் பின்னே இன்னொரு வெள்ளியைப் பெற்று, மூன்றாம் நாள் முப்பத்துமூன்று வயதும் நிரம்பியபின், பிப்ரவரி 24-ஆம் நாள் ப்ரஜெலாத்தோ மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்குப் புறப்பட்டார். எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயம் அது. ஒன்றேகால் மணிக்கு மேல் உழைத்தபிறகு, ரஷ்யாவின் செப்பலோவா, போலந்தின் இளம் கொவால்சிக், நொய்மன்னோவா ஆகிய மூவரும் தங்கத்துக்காக மோதினார்கள். வயதில் மூத்தவர் நொய்மன்னோவாவே. மைதானத்தின் கடைசி நேர்பாதையில், அத்தனை ஆண்டுகளாக இரண்டாம் ஸ்தானத்துக்கென்றே விதிக்கப்பட்டவர்போலத் தோன்றிய அவர், செப்பலோவாவைத் தாண்டி 1.4 விநாடி முன்னே எல்லைக்கோட்டைக் கடந்து, பனியில் அப்படியே விழுந்தார். இரண்டு வயதுச் சிறுமியான மகள் லூசி ஓடிவந்து தாயிடம் சேர்ந்தாள். குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் செக் பெண்மணி என்ற பெருமையை அதிகாரிகள் பதிவு செய்துகொண்டார்கள்; தாய்க்கு அந்த நிமிஷத்தில் மகளே போதுமாயிருந்தது. இத்தனைக்கும் மேல் அதை வர்ணிக்க முற்படுவது அதிகப்பிரசங்கம். படத்தைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: விளையாட்டுக்காக உயிரை விடுவதில் அர்த்தம் உண்டா?

பதில்: விளையாட்டுக்காக விடுவதில் இல்லை என்பதே என் அபிப்பிராயம், நண்பனுக்காக விட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1913-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, செக் தேசத்துக் கிர்கொனோஷே மலையில் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் நடந்தது. புறப்படும்போது இதமாயிருந்த வானம் நடுவில் மாறி, மழையும் பனிப்புயலுமாக அடிக்கவே, மெல்லிய உடையிலிருந்த போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பேர்பெற்ற வீரரான போஹுமில் ஹன்ச் மட்டும், மற்றவர்கள் விலகியதை அறியாமல் சென்றுகொண்டேயிருந்தார். பந்தயத்தில் சேராத அவருடைய நண்பர் வாட்ஸ்லாவ் வ்ர்பட்டா வழியில் அவரைக் கண்டு, தம்முடைய மேலங்கியையும் குல்லாயையும் கழற்றிக் கொடுத்தார். போட்டியாளர்களில் ஒருவரான எமெரிக் ராத், தளர்ந்து கிடந்த ஹன்சைக் கண்டெடுத்து, தூக்கியும் இழுத்தும் காப்பாற்ற முயன்றார், பலிக்கவில்லை. அங்கியைப் பெற்றவரும் கொடுத்தவரும் அன்றே மாண்டார்கள். இருவருக்கும் அம்மலைமேல் நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். மலைமீட்புப் பணியாளர்கள் அந்தத் தேதியை இன்றும் அனுஷ்டிக்கிறார்கள். வ்ர்பட்டா பதக்கம் எதற்கும் போட்டியிடவில்லை. நொய்மன்னோவாவின் நாட்டாரிடம் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டால் அவருடைய பெயரையும் சேர்த்தே சொல்லுவார்கள்.

கேள்வி: தங்கள் அபிமானத்துக்குரிய செக் பனிச்சறுக்கு வீரர் ஆண்களில் யாரும் இல்லையா?

பதில்: லூக்காஷ் பாவர். 'டூர் டி ஸ்கீ' என்னும் பலநாள் பந்தயத்தை இருமுறை வென்றவர். ஒலிம்பிக்கில் அவர் எட்டிய உயர்ந்தபட்சப் பதக்கம் வெள்ளிதான். ஆகவே அவரும் என் அபிமானத்துக்குரியவரே.

கேள்வி: நொய்மன்னோவா இப்போதும் பந்தயங்களில் கலந்துகொள்கிறாரா?

பதில்: இல்லை. 2005-இல் ஓபர்ஸ்டார்ஃபிலும் 2007-இல் சப்போரோவிலும் 10 கிலோமீட்டரில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றுவிட்டு, அந்த 2007-ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றார். 2009-இல் லிபெரெட்ஸ் நகரில் உலகச் சாம்பியன் போட்டிகள் நடந்தபோது, அவற்றை நடத்திய குழுவுக்கு அவரே தலைவி.