மாமூல் தடத்தின் மகிமை

பத்திரத்தில் நான்கு எல்லைகளையும் வரிவரியாக எழுதிவிட்டு, வழி என்று வந்ததும் 'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட' என்று அரை வரியில் முடித்துவிடுவது நம் பத்திர எழுத்தர்களின் தனிக்கலை. அந்தப் பாதை எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம், மாட்டுவண்டிக்கா டிராக்டருக்கா என்பதையெல்லாம் பேரன்கள் முன்சீப் கோர்ட்டில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமோ தெளிவாகவே பேசுகிறது: அடுத்தவர் நிலத்தில் 20 ஆண்டுகள் பகிரங்கமாக, தடையின்றி, உரிமை கொண்டாடி நடந்தால் அது உரிமையேதான், அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். வாய் திறக்காத பெருந்தன்மை இப்படித்தான் சாசனமாகிறது.

நல்லவனைத் தண்டிக்கும் சட்டம் இது என்பார்கள். இல்லை, அனுமதி கேட்டு நடப்பவருக்கு எத்தனை வருடமானாலும் இந்த உரிமை பிறக்காது. அனுமதித்ததற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து நிலத்துக்காரரிடம் எழுதி வாங்குவது மரியாதையா என்பது அடுத்த ஆட்சேபம். தடத்தில் முள்வேலி போடுவதும், வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் ஏறி ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி உட்காருவதும் மட்டும் மரியாதையா? பதிவுக்கு முன்பே பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, வரைபடத்தையும் இணைத்துவிடுங்கள். உறவும் மிஞ்சும், வக்கீல் ஃபீஸும் மிஞ்சும்.