வாஷிங்டனின் இன்னொரு பாதுகாப்பு அமைச்சர்

கே: வாஷிங்டனில் ஒரே சமயத்தில் இரண்டு பாதுகாப்பு அமைச்சர்கள் இருந்தார்களாமே?

ப: ஆமாம், 1980-களில். பென்டகனில் காஸ்பர் வைன்பெர்கர். ஐஸ் ஹாக்கியில் ராட் லாங்வே. வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் கேப்டன், தடுப்பாட்டக்காரர். ‘பாதுகாப்பு அமைச்சர்’ என்பது அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர். பட்ஜெட் என்னவோ வைன்பெர்கருக்குத்தான் அதிகம்.

கே: அவர் மொத்தம் எத்தனை கோல் அடித்தார்?

ப: இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 994 ஆட்டங்களில் 51. சிரிக்காதீர்கள். 1983-84 பருவத்தில் எட்மன்டன் அணியின் பால் காஃபியும் தடுப்பாட்டக்காரர்தான். 40 கோல் அடித்தார். லாங்வே அடித்தது 9. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது போனதோ லாங்வேக்கு! அதற்கு முந்தைய வருடம் வெறும் 3 கோல். அப்போதும் விருது அவருக்கே.

விருது கொடுத்தவர்கள் வேறு கணக்கைப் பார்த்தார்கள். அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் கேப்பிடல்ஸ் வாங்கிய கோல்கள் 338. அவர் வந்த இரண்டாவது பருவத்தில் 226. கோல்கீப்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் வீடே கூடிவிடும். பொங்கும் முன் அடுப்பை அணைத்தவருக்கு யாராவது கைதட்டியிருக்கிறார்களா? இந்த ஒருவருக்குத் தட்டினார்கள்.

கே: தடுப்பாட்டம் என்றால் இடித்துத் தள்ளுவதுதானே? இதில் என்ன கலை?

ப: இடிப்பதும் உண்டு; ஆள் ஆறடி மூன்று அங்குலம். ஆனால் முக்கால்வாசி வேலை இடிக்காமலே முடிந்துவிடும். ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவன் பாய்ந்து வருகிறான். நீங்கள் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். (நாமெல்லாம் முன்னோக்கி நடந்தாலே விழுந்துவிடும் தரை அது.) கண் வட்டின் மேல் போகக் கூடாது, அவன் மார்பில் நிற்க வேண்டும். கை ஏமாற்றும், வட்டு ஏமாற்றும், மார்பு பொய் சொல்லாது. ஒரு கையால் மட்டையை நீட்டி நடுப்பாதையை அடைத்தால், அவன் தானாக ஓரத்துப் பலகைச் சுவர்ப் பக்கம் ஒதுங்குவான். அங்கிருந்து கோலுக்குக் கோணம் கிடைக்காது. ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அதுதான் வேலை.

கே: மான்ட்ரியல் போன்ற ஜாம்பவான் அணியை விட்டு ஏன் வந்தார்?

ப: 1979-ல் அங்கே ஸ்டான்லி கோப்பையே வென்றவர்தான். விரட்டியது வருமான வரி! கியூபெக்கின் வரி கட்டுப்படியாகாமல் மாற்றல் கேட்டார். 1982 செப்டம்பரில் கேப்பிடல்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். வந்து சேர்ந்த இடம் எப்படி? 1974-ல் தொடங்கியது முதல் ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்க்காத அணி. முதல் பருவத்தில் 80 ஆட்டங்களில் 8 வெற்றி. 1982 கோடையில் அணி ஊரில் தங்குமா என்பதே சந்தேகம். லாங்வே வந்த பருவத்திலேயே பிளே-ஆஃப். அதன்பின் 1996 வரை ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

கே: வாஷிங்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரா?

ப: இல்லை. 1987 ஏப்ரல் 18, சொந்தத் திடலில் நியூயார்க் ஐலண்டர்ஸோடு ஏழாவது ஆட்டம். 2-2. ஒரு கூடுதல் நேரம், இரண்டு, மூன்று... நான்காவதில், இரவு இரண்டு மணியளவில், ஈஸ்டர் ஞாயிறு பிறந்துவிட்ட பிறகு, பாட் லஃபான்டைன் சுழன்று திரும்பி ஓங்கி அடித்தார். அவ்வளவுதான். கேப்பிடல்ஸ் முதல் கோப்பையைத் தொட்டது 2018-ல்.

கே: லாங்வே கடைசிவரை ஹெல்மெட் போடாமலே ஆடினாராம். அதைச் சொல்லியே என் மகன் பைக்கில் வெறுந்தலையோடு போகிறான்.

ப: 1979 ஜூனுக்கு முன் லீக்கில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை. உங்கள் மகனிடம் அப்படி ஒரு தாள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.