தில் பரிசோதனை நிலையம், வேப்பம்பட்டு

வேப்பம்பட்டில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்கு, சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் தைரியத்தை அளக்கும் கருவி பிறவியிலேயே உண்டு. 2025 ஐபிஎல்லில் அணி பத்தாவது, அதாவது கடைசி, இடத்தில் முடித்ததிலிருந்து கருவிக்கு ஓய்வே இல்லை. "அவனுக்கு தில் பத்தாதுண்ணே" என்று திருநின்றவூரில் தொடங்கினால், ஆவடி வருவதற்குள் பாதி அணியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கருவி கொஞ்சம் தாமதமாக வேலை செய்யும், அவ்வளவுதான். 2019 இறுதிப்போட்டியில் ஷேன் வாட்சன் முழங்கால் கிழிந்து, பேன்ட்டில் ரத்தம் ஊற, 59 பந்தில் 80 அடித்தார். கடைசி ஓவரில் ரன் அவுட். மும்பையிடம் ஒரே ரன்னில் தோல்வி. "உயிரைக் கொடுத்து ஓட வேணாமா?" என்றது பெட்டி. ஆட்டம் முடிந்து ஆறு தையல் போட்டார்கள் என்று சக வீரர் ஹர்பஜன் சிங் வெளியே சொன்ன பிறகு, அதே வாய்கள் "சிங்கம்டா!" என்றன. அந்தச் சிங்கத்துக்கு அப்போது வயது 37.

நம் தலைமைப் பரிசோதகர் அண்ணனோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் மேனேஜரிடம் சனிக்கிழமை லீவு கேட்க, இன்னும் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.