வானிலை வாத்தியார்

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிற மண்டல வானிலை ஆய்வு மையத்துக்குக் குன்னம் பக்கத்தில் ஒரு கிளை உண்டு. டீக்கடை பெஞ்சுதான் அலுவலகம். கருவி, சம்பளம், நியமன உத்தரவு எதுவும் கிடையாது. இயக்குநர் நான். முப்பத்துச் சொச்சம் வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு, யாரையாவது உட்கார வைத்துப் பேசாவிட்டால் சோறு இறங்காது. அந்த வியாதிக்கு இந்தப் பதவி மருந்தாக அமைந்தது.

ஐப்பசி பிறந்தால் என் சீசன். கரிசலில் மக்காச்சோளம் முற்றி நிற்கும், பருத்தி வெடிக்கத் தயாராகும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்துவிடுமோ என்று வயிற்றைப் பிசையும். கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் ஆட்களுக்கு, முந்திரி பூக்கிற தை மாசத்தில் மூடுபனி போட்டுவிடக் கூடாதே என்ற கவலை. இப்படி நாலு திசையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில், மொபைலைப் பார்த்துச் சொல்ல ஒருத்தன் இருந்தால் மதிப்பு இருக்கத்தானே செய்யும்? எனக்கு இருந்தது.

என் முதல் கோளாறு காதில். 'பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு' என்று டி.வி.யில் சொன்னால், என் காதுக்குக் 'கனமழை' மட்டும் வந்து சேரும். வானிலைத் துறை கணக்கில் ஓரிரு இடங்கள் என்றால், அந்தப் பகுதியில் மழை அளக்கிற நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது. மிச்ச முக்கால்வாசி காய்ந்து கிடந்தாலும் அறிவிப்பு பலித்ததாகவே அர்த்தம். கனமழைக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரமும் காலை எட்டரைக்கு முடியும். நேற்று சாயங்காலம் நனைந்தது இன்றைய தேதியில்தான் ஏறும். அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பெஞ்சில் உட்கார்ந்து, "நாளைக்கு அடிச்சு ஊத்தப் போவுது" என்பேன். ஓரிரு இடங்களில் என்று நியாயமாகச் சொன்னால் எவனும் டம்ளரைக் கீழே வைக்க மாட்டான். ஊத்தப் போவுது என்றால் வைப்பான்.

எச்சரிக்கை நிறங்களிலும் இதே கதை. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் காரியத்தில் இறங்கு. என் கிளையில் மஞ்சள் ஸ்டாக் வைப்பதில்லை; சிவப்பு, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகுமா ஆகாதா என்று எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்தபோது, "புயலாவது கியலாவது, அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று தீர்ப்பு எழுதி டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். 29-ஆம் தேதி அது ஃபெஞ்சல் என்ற பெயரோடு புயலாகி, மறுநாள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, விழுப்புரம் வட்டாரத்தையே மூழ்கடித்தது. மறுநாள் காலை பெஞ்சில் நான், "அன்னைக்கே சொன்னேன்ல?" என்று ஆரம்பித்தேன். எதைச் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிராமத்தில் வாத்தியாருக்கு இன்னும் கொஞ்சம் சலுகை இருக்கிறது.

எங்கள் கார்த்திகை மழையை லேசாகப் பேசக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். 1956 நவம்பர் 23 விடிகாலை, அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைப் பதம் பார்த்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் இறங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார். டெல்லியில் இருந்த மனுஷர் எங்கள் ஆற்று வெள்ளத்துக்காக நாற்காலியை விட்டார். நான் ஒவ்வொரு தப்பான அறிவிப்புக்குப் பிறகும் அதே பெஞ்சில் அதே மூலையில் உட்கார்ந்து, "சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதவி போனது ஒரு மார்கழிக் காலையில். அதற்குக் காரணம் கனடா.

அக்கா மகன் ஸ்கார்பரோவில் இருக்கிறான். ஊருக்கு வந்திருந்தபோது என் மொபைலில் வானிலை ஆப் போட்டுக் கொடுத்தான். முதல் பக்கம் பெரம்பலூர், விரலால் தள்ளினால் ஸ்கார்பரோ. "நாங்க எப்படி இருக்கோம்னு நீங்களும் பார்த்துக்கலாம் மாமா" என்றான். அந்தக் காலையில் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறது. மங்கலாக ஒரு மேகம், 90 சதவீதம் மழை, பக்கத்தில் 2 டிகிரி. இரண்டு டிகிரியா என்று ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. இருபதில் பூஜ்யம் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டேன். அந்த 2-க்கு முன்னால் ஒரு மைனஸ் இருந்தது. மைனஸை விட்டதற்காக எத்தனை பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் அரை மார்க் வெட்டியிருக்கிறேன்!

"தொண்ணூறு பர்சன்ட். மத்தியானத்துக்குள்ள வந்துரும்" என்றேன்.

பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் தார் ரோட்டோரம் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். அவனும் அவன் பெண்சாதியும் பலகையால் தள்ளிக் குவித்து, தார்ப்பாயைப் போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்தார்கள். ஒன்பது மணிக்கு வெயில் வந்தது, மார்கழிக்கு ஆகாத வெயில். அவன் இரண்டு முறை வந்து என் முகத்தைப் பார்த்தான். "அவசரப்படாதே, மேகம் திரளும்" என்று அனுப்பினேன். பொழுது சாயும்போது தார்ப்பாயைத் தூக்கினால் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சோளம் வெயிலில் புழுங்கி வியர்த்திருந்தது. குவியலுக்குள் கையை விட்டேன். அடுப்படிச் சூடு, லேசாகப் புளித்த வாடை. மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நல்ல விலை. மறுபடி பரப்பி, மறுபடி காயவைத்து, அதற்குள் வியாபாரி விலையைக் குறைத்தது தனிக்கதை.

"சித்தப்பா, மழை எங்க?" என்றான். அதற்குள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தேன். உண்மையைச் சொன்னேன்: "ஸ்கார்பரோவுல பெய்யுது."

பெய்யத்தான் செய்தது. அன்று ராத்திரி அக்கா மகன் போட்டோ அனுப்பினான். அவன் கார், கதவுக் கைப்பிடி, வாசல் மரத்தின் ஒவ்வொரு சுள்ளி, எல்லாம் கண்ணாடி உறை போட்டது மாதிரி. அதற்கு உறைமழை என்று பெயர். மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு அடுக்காகப் படுத்திருக்கும். பனி அதில் உருகி மழையாகிவிடும். தரையை ஒட்டிப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த காற்று மெலிசாக இருக்கும். துளிக்கு நடுவழியில் உறைய நேரமில்லை. தண்ணீராகவே வந்து, எதன்மேல் படுகிறதோ அங்கேயே பனிக்கட்டியாகிவிடுகிறது. "ஸ்நோவா இருந்தா வாரித் தள்ளிட்டுப் போயிடலாம் மாமா, இது ஆளையே கவுத்துடும்" என்றான். 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இப்படிப் பெய்து, மரமும் கம்பியும் பாரம் தாங்காமல் ஒடிந்து, ஸ்கார்பரோவும் சேர்ந்த டொராண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. நம் பக்கம் குளிருக்கு எல்லை நீலகிரி உறைபனிதான். 'நீலகிரியில் உறைபனி' என்ற ஒரு வரியை டி.வி.யில் கேட்டாலே நான் இங்கே இருபது டிகிரியில் மங்கிக் குல்லாய் தேடுவேன். "ஊட்டியில விழுந்தா உங்களுக்கு ஏன் நடுங்குது?" என்பாள் வீட்டுக்காரி.

அடுத்த குளிருக்குத் தப்பித்து அக்கா மகன் ஊருக்கு வந்தான். இழந்த மானத்தை மீட்கலாம் என்று அரியலூர் மாவட்டம் கரைவெட்டிக்குக் கூட்டிப்போனேன். 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி. மத்திய ஆசியக் குளிருக்குப் பயந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகிற இடம். "வானம் சுத்தமா இருக்கும், நான் பார்த்துட்டேன்" என்று விடிவதற்கு முன்பே கிளப்பினேன். வானம் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ராத்திரி மேகமில்லாமல் தெளிந்து, காற்றும் அசையாமல், ஏரி ஈரமும் சேர்ந்தால் விடியலில் மூடுபனி கட்டும் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். கரையில் நின்றோம். எதிரே வெள்ளை. உள்ளே எங்கோ வாத்துகள் கத்தின. நான் மப்ளருக்குள் நடுங்கிக்கொண்டு பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அவன் அரைக்கை டி-ஷர்ட்டில் நின்று, "சத்தம் நல்லா கேக்குது மாமா" என்றான். நல்ல வளர்ப்பு.

இப்போது பெஞ்சில் மழை பற்றிப் பேச்சு வந்தால், பங்காளி வீட்டுப் பையன் தன் மொபைலையே எடுத்து, ஊர்ப் பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் மேலே படிக்கிறான். என்னிடம் பஞ்சாங்கம் மட்டும் கேட்கிறார்கள். ஆனாலும் குன்னம் பக்கம் புதிதாக யாராவது சோளம் காயப் போட வந்தால் ஒரு வேண்டுகோள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே கேளுங்கள். நீங்கள் கேட்டால் நான் சொல்லாமல் இருக்க மாட்டேன்.