தெலங்கானா பிறந்தபோது டி.வி. எங்கே போயிருந்தது?

ஹைதராபாத் குகட்பள்ளி வாசகர்கள் கேட்கிறார்கள்: அமெரிக்க அரசியலும் வரலாறும் டி.வி.யும், கூடவே நம்மூர் சங்கதிகளும்

கேள்வி: மகன் டல்லாஸில் இருக்கிறான். டி.வி.யில் விசா பற்றிச் சிவப்பு எழுத்தில் ஏதாவது ஓடினாலே படபடப்பு வந்துவிடுகிறது. எதை நம்புவது?
(ஓர் அம்மா, கே.பி.எச்.பி. காலனி)

பதில்: வந்திருப்பது மசோதாவா, சட்டமா, ஜனாதிபதி உத்தரவா என்று முதலில் பாருங்கள் அம்மா. பாதிப் படபடப்பு அங்கேயே அடங்கிவிடும். அமெரிக்க காங்கிரஸின் ஒவ்வோர் ஈராண்டுத் தவணையிலும் பத்தாயிரத்துக்கு மேல் மசோதாக்கள் வந்து விழுகின்றன. சட்டமாகிறவை சில நூறுதான். எச்-1பி விசாவையே ஒழிக்க ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார் என்றால், அது அவர் தன் தொகுதிக்காரர்களுக்குச் சொன்ன சேதி. உங்கள் மகனுக்கு வந்த நோட்டீஸ் இல்லை.

உத்தரவு வேறு ஜாதி. 2025 செப்டம்பர் 19 அன்று டிரம்ப் எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று கையெழுத்திட்டார். 21ஆம் தேதி முதல் அமல். காங்கிரஸைக் கேட்க வேண்டிய வேலையே இல்லை. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் அன்றிரவே பெட்டி கட்டத் தொடங்கினார்கள். மறுநாள் வெள்ளை மாளிகை விளக்கம் தந்தது: புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், அதுவும் ஒரே முறைதான். அந்த ஒரு நாள் இடைவெளியில்தான் அத்தனை கண்ணீரும். உத்தரவின் வாசகத்தைத் திரையில் போட்டு வரிவரியாகப் படிக்கிற சேனல் எதுவோ, அதை வையுங்கள். நாலு ஜன்னலில் நாலு பேர் கத்தினால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நாடாளுமன்றத்தை வெட்டாமல் அப்படியே காட்டும் சேனல் அமெரிக்காவில் உண்டாமே?
(ஜே.என்.டி.யு. மாணவர்)

பதில்: சி-ஸ்பான். பிரையன் லாம்ப் என்பவர் கேபிள் கம்பெனிகளிடம் பேசிப் பேசியே உருவாக்கியது. அரசுப் பணம் வாங்குவதில்லை. 1979 மார்ச் 19 அன்று பிரதிநிதிகள் சபையின் முதல் ஒளிபரப்பில் முதலில் எழுந்து பேசியவர் ஓர் இளம் உறுப்பினர், பெயர் அல் கோர். செனட் சபைக்குக் கூச்சம் தெளிய 1986 ஆயிற்று. பேச்சு தொடங்கினால் முடியும்வரை காட்டுவார்கள். 'இவர் என்ன சொல்ல வருகிறார் என்றால்' என்று யாரும் குறுக்கே வருவதில்லை. வார இறுதியில் வரலாற்றுக்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். பல்கலைக்கழக வகுப்பறைக்குள் கேமராவைக் கொண்டுபோய், பேராசிரியர் நடத்தும் பாடத்தை முழுசாகக் காட்டுகிறார்கள். உங்கள் விடுதி அறையிலிருந்து யூடியூபில் பார்க்கலாம். வாஷிங்டனில் நண்பகல் பன்னிரண்டு என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை.

கேள்வி: கேமரா யார் கையில் இருக்கிறது என்பதுதானே முக்கியம்?
(வழக்கறிஞர், மூசாப்பேட்டை)

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. சி-ஸ்பான் காட்டினாலும் சபைக்குள் இருக்கும் கேமராக்கள் சபைக்கே சொந்தம். பேசுகிறவரை மட்டும் காட்டுவது வழக்கம். 1984இல் குடியரசுக் கட்சி உறுப்பினர் நியூட் கிங்ரிச்சும் அவர் கூட்டாளிகளும் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அன்றைய அலுவல் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, எதிர்க்கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லித் தாக்குவார்கள். பார்ப்பவருக்கு, எதிர்த்தரப்பு வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். பொறுமை இழந்த சபாநாயகர் டிப் ஓ'நீல், கேமராவைச் சபை முழுவதும் சுழற்றச் சொன்னார். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்! தந்திரம் அம்பலமானது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் கேமராவைத் திருப்பியதற்காக ஓ'நீலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். உண்மையைக் காட்டியது நியாயம்தான். விதியை ஒரே ஆளின் கோபம் மாற்றலாமா என்பதும் நியாயமான கேள்விதான்.

2023 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. சபாநாயகரே தேர்வாகாததால் சபைக்கு விதிகளே இல்லை. அதனால் சி-ஸ்பானின் சொந்த கேமராக்கள் இஷ்டம்போலத் திரிந்தன. கெவின் மெக்கார்த்தி 15ஆவது ஓட்டெடுப்பில்தான் ஜெயித்தார். அதற்குள் யார் யார் காதில் கிசுகிசுத்தார்கள், யார் யாரை அடிக்கப் பாய்ந்தார்கள் என்பதை உலகமே பார்த்தது. விதிகள் வந்ததும் கேமராக்கள் பழையபடி ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. அந்த நாலு நாட்களையே நிரந்தர வழக்கமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: அமெரிக்கக் கதை இருக்கட்டும். தெலங்கானா மசோதா நிறைவேறிய அன்று நம் டி.வி. இருண்டதே, அதை மறந்துவிட்டீர்களா?
(இருபது ஆண்டுகளாக இங்கே வாழும் தமிழர், நிஜாம்பேட்டை)

பதில்: மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. 2014 பிப்ரவரி 13 அன்று மசோதா மக்களவைக்கு வந்தபோது, விஜயவாடா எம்.பி. லகடபாடி ராஜகோபால் மிளகு ஸ்பிரேயை அடித்தார். உறுப்பினர்கள் இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வெளியே ஓடியதை நாடே பார்த்தது. ஐந்து நாள் கழித்து, 18ஆம் தேதி பிற்பகலில், அதே மசோதா நிறைவேறும் நேரத்தில் லோக்சபா டி.வி.யின் நேரலை நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர்கள் மட்டும் கொதிக்கவில்லை. மசோதாவை ஆதரித்த எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜே அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

நம் குகட்பள்ளியை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணா, குண்டூர், கோதாவரி மாவட்டங்களிலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள் ஒருபக்கம், தனி மாநிலத்துக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணின் மக்கள் மறுபக்கம். ஒரே அபார்ட்மெண்டில் மேல்மாடியில் பட்டாசு, கீழ்மாடியில் பூட்டிய கதவு. இரண்டு வீட்டுக்கும் அந்த நிமிடத்தைப் பார்க்கும் உரிமை இருந்தது. தோற்றவர்கள் தாங்கள் எப்படித் தோற்றோம் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தால் பாதிக் கசப்பாவது குறைந்திருக்கும். ஜெயித்தவர்களுக்கோ, அறுபதுகளின் கடைசியிலிருந்து காத்திருந்த ஒரு வெற்றியின்மேல் தேவையில்லாத கறை விழுந்தது. சட்டம் செல்லும், மாநிலம் வந்தாயிற்று, அதெல்லாம் சரி. ஆனால் கூச்சல் நடந்த நாளைக் காட்டிவிட்டு முடிவு எடுத்த நாளைக் காட்டாத நேரலைக்கு, கோளாறு என்ற ஒற்றை வார்த்தை போதுமான விளக்கமே இல்லை.

இத்தனைக்கும் லோக்சபா டி.வி. நல்ல எண்ணத்தில் பிறந்தது. சோம்நாத் சாட்டர்ஜி சபாநாயகராக இருந்தபோது, 2006இல் வந்தது. 2021இல் ராஜ்யசபா டி.வி.யோடு சேர்ந்து சன்சத் டி.வி. ஆனது.

கேள்வி: வியர்த்ததால்தான் நிக்சன் தோற்றார் என்பது உண்மையா?
(வினாடி வினா பிரியர், பாலாஜி நகர்)

பதில்: 1960 செப்டம்பர் 26 அன்று கென்னடியுடன் நடந்த டி.வி. விவாதத்தில் நிக்சன் வெளிறித் தெரிந்தார், வியர்த்தார், அதெல்லாம் உண்மை. முழங்கால் காயத்துக்காக மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்தவர் அவர். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள் என்ற கதைக்கு ஆதாரம் மெலிது. வினாடி வினாவில் கேட்டால் கொஞ்சம் நின்று பதில் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு என்றாலே கொட்டாவி. எந்தத் தொடரைக் காட்டலாம்?
(ஆசிரியை, பிரகதி நகர்)

பதில்: நம்ம ஊர்க்காரரிடமிருந்தே தொடங்குங்கள். ஷியாம் பெனகல் செகந்திராபாத் திருமலகிரியில் பிறந்தவர், நிஜாம் கல்லூரியில் படித்தவர். தூர்தர்ஷனில் 1988இல் வந்த அவருடைய 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகள். அதைவிட நான் உயர்த்திப் பிடிப்பது, 2014இல் ராஜ்யசபா டி.வி.க்காக எடுத்த 'சம்விதான்'. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் பத்துப் பகுதிகளாக வருகின்றன. சச்சின் கேடேகர் அம்பேத்கராக நடித்திருக்கிறார். தெலங்கானா மசோதாவின்போது நேரலை இருண்டதற்குச் சில நாட்களுக்குள், மார்ச் தொடக்கத்தில், நாடாளுமன்றத்தின் இன்னொரு சேனலில் இது ஓடத் தொடங்கியது.

அமெரிக்கச் சரடும் கையோடு சொல்லிக்கொடுங்கள். 1947 கடைசியில் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருக்கும் 'உரிய நடைமுறை' என்ற வாசகத்தை நீங்கள் வைக்காதீர்கள், நீதிபதிகள் கையில் அதிகாரம் குவிந்துவிடும் என்றார் அவர். தனிமனித சுதந்திரம் பற்றிய நம் 21ஆவது பிரிவில் அது விடப்பட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை வேறு வழியில் உள்ளே கொண்டுவந்தது. இடையில், நெருக்கடி நிலையில், காரணம் சொல்லாமல் சிறையில் கிடந்தவர்கள் அந்த விடுபட்ட வார்த்தைகளுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் கொட்டாவி விடமாட்டார்கள்.

கேள்வி: கென் பர்ன்ஸ் படங்கள் பார்க்கத் தகுந்தவையா?
(ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வசந்த் நகர்)

பதில்: பாருங்கள். 1990இல் வந்த 'சிவில் வார்' அசையாத புகைப்படத்தின்மேல் கேமராவை மெல்ல நகர்த்தி, பின்னால் ஒரு சிப்பாயின் கடிதத்தைப் படிக்கவைத்தே பதினோரு மணி நேரம் நம்மை உட்காரவைக்கும். ஒரு குறை உண்டு. நாவலாசிரியர் ஷெல்பி ஃபூட்டுக்கு அளவுக்கு மீறிய இடம், அடிமை முறையின் கொடுமையைப் பேசிய வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் குறைவான இடம். அதைச் சரிசெய்ய, ஹென்றி ஹாம்ப்டனின் 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' (1987) பாருங்கள். அதில் நிறவெறியை எதிர்த்து நாஷ்வில் மாணவர்கள் உணவகங்களில் அடிவாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன், நாக்பூரில் மூன்றாண்டு வேலை பார்த்தபடி காந்தியைப் படித்துவிட்டுப் போனவர். இவ்விரண்டையும் ஒளிபரப்பிய பொதுத் தொலைக்காட்சிக்கான அரசு நிதியை அமெரிக்க காங்கிரஸ் 2025 ஜூலையில் வெட்டிவிட்டது. எனக்கு இது பெரிய வருத்தம்.

கேள்வி: அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. வீட்டில் சாப்பாடே இறங்குவதில்லை!
(ஒரு தாய், ஹைதர் நகர்)

பதில்: போனை எடுங்கள். 2014 டிசம்பரில் சி-ஸ்பான் நேரலையில் பிராட், டல்லாஸ் வுட்ஹவுஸ் என்ற சகோதரர்கள் இப்படித்தான் கட்சி கட்டி மோதினார்கள். நேயர் அழைப்பில் ஒரு பெண் குரல். அவர்களுடைய அம்மா! கிறிஸ்துமஸுக்காவது சண்டை போடாமல் வாருங்கள் என்றார். இருவரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: ஹைதராபாத்காரர் யாராவது அங்கே பெரிய பதவிக்குப் போயிருக்கிறார்களா?
(மாணவி, குகட்பள்ளி)

பதில்: ஹைதராபாத்தில் பிறந்த இரண்டு பெண்கள் இரண்டு மாநிலங்களில் துணை ஆளுநர் பதவியைப் பிடித்திருக்கிறார்கள். மேரிலாந்தில் 2023இல் பதவியேற்ற அருணா மில்லர், வர்ஜீனியாவில் 2025 நவம்பரில் வென்ற கஜாலா ஹாஷ்மி. மூன்றாவது இடம் காலி.

கேள்வி: தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நேரலையில் வருகிறதா?
(புதிதாக வேலைக்கு வந்த சேலத்துக்காரர்)

பதில்: 2022 ஜனவரியில்தான் கேள்வி நேரம் நேரலைக்கு வந்தது. முழுச் சபையையும் காட்ட வேண்டும் தம்பி. அண்ணாவும் கருணாநிதியும் பேசிய சபையில் இத்தனை ஆண்டு கேமராவுக்கு இடமில்லாமல் போனது, தமிழ் படிக்கும் தலைமுறைக்கு நேர்ந்த நஷ்டம்.

கேள்வி: பதினைந்து நிமிடம்தான் தருவேன். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
(மென்பொருள் பொறியாளர், குகட்பள்ளி)

பதில்: 1974 ஜூலை 25, பார்பரா ஜோர்டன். நிக்சனைப் பதவிநீக்குவது பற்றி நீதித்துறைக் குழுவில் பேசினார். சுமார் பதின்மூன்று நிமிடம். அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது தன்னைப் போன்ற கறுப்பினத்தவர்கள் 'மக்கள்' கணக்கிலேயே இல்லை என்று தொடங்கி, அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனாதிபதியை நிறுத்திக் கேட்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை. பதினைந்தே நாளில் நிக்சன் பதவி விலகினார். ஜோர்டனின் தொகுதி ஹூஸ்டனில் இருந்தது. அங்கே உங்கள் நண்பர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் இணைப்பை அனுப்பிவிடுங்கள்.