மகளா, வக்கீல் ஆபீஸா?

அமெரிக்காவில் இப்போது பெண் குழந்தைக்குப் பெயர் தேடுபவர்கள் குடும்பப் பெயர்களைத்தான் புரட்டுகிறார்கள்: ஹார்ப்பர், பார்க்கர், கென்னடி. தொட்டிலில் கிடப்பது பிள்ளையா, வக்கீல் ஆபீஸ் பெயர்ப்பலகையா என்று சந்தேகம் வரும். 1984-இல் ‘ஸ்பிளாஷ்’ படத்துக் கடல்கன்னி, நியூயார்க் தெருப் பலகையைப் பார்த்து ‘மேடிசன்’ என்ற குடும்பப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது நகைச்சுவைக்காக. பெற்றோர்கள் சிரித்துவிட்டுக் குறித்தும் வைத்துக்கொண்டார்கள். 2001-இல் பெண் பெயர்களில் அதற்கு இரண்டாமிடம்.

இப்படிப்பட்ட பெயர்கள் இருபாலுக்கும் பொது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஆஷ்லி ஒரு காலத்தில் ஆண்பிள்ளைப் பெயர். பெண்கள் கூட்டம் சேர்ந்ததும், பையனைப் பெற்றவர்கள் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். மகளுக்கு ஜேம்ஸ் என்று வைத்தால் துணிச்சல் என்பார்கள். மகனுக்கு எலிசபெத் என்று வைத்துவிட்டு மாமனார் வீட்டுப் பக்கம் போய்த்தான் பாருங்களேன்!